அழைப்பு வராத மாதங்களில் நடிகருக்கு என்ன வேலை?

பாலக்காடு ஜில்லாவில் தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 27. கோயம்புத்தூரில் ஒரு நாடகக் குழுவில் நான்கு ஆண்டுப் பழக்கம். இரண்டு தமிழ்ப் படங்களிலும் ஒரு மலையாளப் படத்திலும் வசனம் உள்ள சிறு வேடங்கள் கிடைத்திருக்கின்றன. கடைசிப் படப்பிடிப்பு முடிந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. "அழைப்பே இல்லை அண்ணா. காலையில் உடற்பயிற்சி, மாலையில் படம் பார்ப்பது, இதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. கற்றதெல்லாம் மறந்துபோகுமோ என்று பயமாக இருக்கிறது. சென்னைக்கோ கொச்சிக்கோ போய் ஓர் அறை எடுத்துத் தங்கிவிடலாமா?" என்கிறார்.

தம்பி, மூன்று மாதம் என்பது இந்தத் தொழிலில் ஓர் இடைவெளியே அல்ல. முதல் வரிசையில் இல்லாத எந்த நடிகரைக் கேட்டாலும், ஆண்டில் வேலை செய்த நாட்களைவிடச் செய்யாத நாட்கள்தான் கூடுதல் என்பார். அதை ஒரு குறையாக நினைத்து வீட்டுக்குள் ஒளிந்துகொள்வதில்தான் சேதம் இருக்கிறது. உங்கள் ஜில்லாவில் இருந்துகொண்டு இப்படிப் பயப்படுவது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகக்கூட இருக்கிறது. ஷொர்ணூருக்குப் போய் பாரதப்புழையைக் கடந்தால் செறுதுருத்தி. 1930-ல் கவிஞர் வள்ளத்தோள் தொடங்கி, பின்னர் அங்கே வந்து நிலைத்த கலாமண்டலத்தில் கதகளி மாணவர்களுக்கு மழைக்காலம்தான் கடும் உழைப்பின் காலம். கோயில் விழாக்கள் ஓய்ந்து ஆட்டம் இல்லாமல் போகும் ஆனி, ஆடி மாதங்களில், விடியும் முன்பே எழுந்து உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு படுக்கிறார்கள். ஆசான் காலால் மிதித்து உழிச்சில் என்னும் உருவலைச் செய்கிறார். கண்ணுக்கு நெய் விட்டுக்கொண்டு கண் சாதகம் செய்கிறார்கள். விழாக் காலத்தில் இரவெல்லாம் ஆட வேண்டிய உடம்பை, ஆட்டம் இல்லாத மாதங்களில்தான் தயார் செய்ய முடியும் என்று அவர்கள் நாட்காட்டியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். சினிமாக்காரனுக்கு அந்த நாட்காட்டி இல்லை. அவன்தான் தனக்கென்று ஒன்றை எழுதிக்கொள்ள வேண்டும்.

எழுதும்போது ஒரு விஷயத்தை மையமாக வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகும் மற்ற எல்லாம் அதிலிருந்து கிளைத்தவைதான். பாடகர் தம்பூராவை மீட்டிக்கொண்டு தனியறையில் சாதகம் செய்யலாம். வயலின்காரருக்கு வயலின் போதும். நடிகருக்கு எதிரே ஓர் ஆள் வேண்டும். நடிப்பின் பெரும்பகுதி எதிராளி சொல்வதைக் கேட்பது. கேட்டது உள்ளே போய் என்ன செய்கிறதோ அதை வெளியே விடுவது. கண்ணாடிக்கு முன்னால் நின்று செய்யும் நடிப்பில் இந்தக் கேட்டல் இல்லை. அதில் வளர்வது முகபாவங்களின் சேமிப்பு மட்டும்தான். மூன்று மாதம் கண்ணாடியோடு பழகிவிட்டுப் படப்பிடிப்புக்கு வருபவரை இயக்குநர் முதல் ஷாட்டிலேயே கண்டுபிடித்துவிடுவார். வசனம் சரியாக வரும். எதிரே நிற்பவர் எப்படிச் சொன்னாலும் இவர் பதில் ஒரே மாதிரி இருக்கும். ஆகவே வேலையில்லாத காலத்தில் ஒவ்வொரு நாளையும் நான் அளப்பது ஒரே கேள்வியால்: இன்று என் எதிரே ஓர் ஆள் இருந்தாரா?

தனியாகச் செய்யக்கூடியவை சில உண்டு. அவற்றை முதலில் சொல்லிக் கடந்துவிடுகிறேன். குரலுக்குத் தினமும் அரை மணி நேரம் வாய்விட்டுப் படியுங்கள். செய்தித்தாள் தலையங்கம் நல்லது. நீண்ட வாக்கியங்களில் மூச்சை எங்கே எடுப்பது என்பது பழகும். நினைவுக்கு வாரம் ஒரு பக்க வசனம் மனப்பாடம் செய்யுங்கள், உங்கள் பங்கை மட்டும் அல்ல, எதிராளியின் பங்கையும் சேர்த்து. பாய்ஸ் கம்பெனி நாட்களில் பையன்களுக்குப் பிறர் பாடமும் தெரிந்திருக்கும். ஒருவன் காய்ச்சலில் விழுந்தால் இன்னொருவன் ஏறி நிற்க வேண்டும். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் அந்தப் பள்ளியில் தேறி வந்தவர்கள்தான். சூலூர்ப் பக்கத்துச் சிவகுமார் எழுபது வயதை நெருங்கும்போது கம்பராமாயணத்தை ஏடு பாராமல் மேடையில் மணிக்கணக்கில் சொன்னாரே, அந்த நினைவாற்றல் ஒரே நாளில் வந்ததல்ல. உடம்புக்கு, உடற்பயிற்சிக் கூடத்தைவிடப் பக்கத்தில் ஒரு களரி இருந்தால் அதையே சொல்வேன். எடை தூக்கித் தோள் இறுகிய நடிகருக்கு உழவன் வேடமும் குமாஸ்தா வேடமும் பொருந்தாமல் போகின்றன. களரியில் எதிரே ஓர் ஆள் நிற்கிறார் என்பது கூடுதல் லாபம்.

இனி எதிராளிக்கு வருகிறேன். நான் சொன்னதற்கு நேர் எதிரான சாட்சி ஒன்று உங்கள் ஊரைச் சுற்றியே இருக்கிறது என்று நீங்கள் சொல்லலாம். பாலக்காட்டுப் பகவதி கோயில்களில் நடக்கும் தோல்பாவைக்கூத்தைத்தான் சொல்கிறேன். ராமனும் ராவணனும் போரிட்டபோது பத்ரகாளி தாரிகனோடு போரிட்டுக்கொண்டிருந்தாளாம். அவள் பார்க்கத் தவறிய அந்தப் போரை அவளுக்குக் காட்டத்தான் இந்தக் கூத்து என்பது ஐதீகம். கூத்துமாடம் சன்னிதியைப் பார்த்து நிற்கும். ஏழு நாள், பதினான்கு நாள், இருபத்தொரு நாள் என்று கோயிலுக்குக் கோயில் மாறும். இரவு தொடங்கி விடியும் வரை கம்பன் பாட்டுத்தான், மலையாள மண்ணில், தமிழில். நள்ளிரவுக்கு மேல் போய்ப் பாருங்கள். திரைக்கு முன்னால் பல நாட்களில் ஒருவர்கூட இருக்க மாட்டார். இருந்தால் போர்வைக்குள் தூங்கும் ஒரு கிழவர் இருப்பார். ஆளே இல்லாமல் இவர்கள் ஆடுகிறார்களே என்று தோன்றும்.

அனுமதி கேட்டுக்கொண்டு மாடத்துக்குப் பின்பக்கம் போனால்தான் விஷயம் புரியும். திரைக்குப் பின்னால் நீளமாக ஒரு பலகை. அதில் தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றித் திரியிட்ட 21 விளக்குகள். மழை இல்லாத மாதங்களின் புழுக்கத்தோடு அந்த இருபத்தொரு தீயின் சூடும் சேர்ந்து, பாவையாட்டும் புலவர்களின் சட்டையில்லாத முதுகில் வியர்வை வழியும். ஒருவர் பாவையைத் திரையோடு ஒட்டிப் பிடித்துப் பாட்டைச் சொல்லி, அதற்குப் பொருள் விரிக்கிறார். இன்னொரு பாவையைப் பிடித்திருப்பவர் விட்டுவிடுவதில்லை. "அப்படியானால் வாலியை மறைந்து நின்று கொன்றது எந்தத் தர்மத்தில் சேரும்?" என்ற வகையில் மடக்குகிறார். முதலாமவர் புராணத்திலிருந்து ஒரு கதையை எடுத்து வந்து பதில் சொல்கிறார். மற்றவர் அதிலிருந்து கேள்வி கேட்கிறார். கதை ஓரடி நகராமல் ஒரு மணி நேரம் வாதம் போகும். பாவைகள் இரண்டும் அசையாமல் நிற்கும். பின்னால் மனிதர்கள் இருவர் முகத்தை முகம் பார்த்து, ஒருவர் சொல்லுக்கு மற்றவர் புருவம் உயர்த்தி, நல்ல பதில் வந்தால் சிரித்து, உயிரோடு இருப்பார்கள். முன்னால் கூட்டம் இல்லாவிட்டாலும் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கிறார். அந்த ஆள்தான் புலவரை விடியும் வரை விழித்திருக்க வைக்கிறார். கூனத்தறையின் ராமச்சந்திரப் புலவருக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தபோது பலருக்கு இந்தக் கலை நினைவுக்கு வந்தது. உங்களுக்கு அது நினைவாக மட்டும் நிற்க வேண்டியதில்லை. தை பிறந்து கோடை முடிவதற்குள் எத்தனையோ கோயில்களில் மாடம் திறக்கிறார்கள். தமிழ் தெரிந்த நடிகர் ஒருவர் ஓரமாக உட்கார்ந்து கேட்க வந்தால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

இதே வேலையைச் சிரிப்போடு செய்வது உங்கள் பக்கத்து நாட்டுப்புறக் கூத்தான பொறாட்டு நாடகம். குறவன், குறத்தி, வண்ணான், வண்ணாத்தி, தாசி என்று வேடங்கள் ஒவ்வொன்றாக வரும். பக்கத்தில் ஒரு கேள்விக்காரர் நிற்பார். எங்கிருந்து வருகிறாய், யாரைத் தேடுகிறாய், அந்த மூட்டையில் என்ன என்று அவர் குடைந்துகொண்டே இருக்க, வேடக்காரர் தமிழும் மலையாளமும் கலந்த பேச்சில் அந்த நொடியில் பதில் கட்ட வேண்டும். ஒத்திகையில் இல்லாத கேள்வியும் வரும். நகரங்களில் பணம் கட்டி வாரக் கடைசியில் கற்றுக்கொள்ளும் உடனடி நடிப்புப் பயிற்சி உங்கள் ஊர் வயல் நடுவே பரம்பரையாக நடந்துவருகிறது.

ஆகவே என் முதல் யோசனை: நான்கு பேரைச் சேருங்கள். நான்குக்கு மேல் வேண்டாம்; பத்துப் பேர் சேர்ந்தால் சங்கமாகிவிடும், தலைவர் பதவிக்குச் சண்டை வரும். கேரளக் கிராமங்களில் ஒரு வசதி உண்டு. ஊருக்கு ஊர் வாயனசாலை, அதாவது படிப்பகம், இருக்கிறது; பலவற்றில் சின்ன மேடையோடு ஒரு கூடமும் இருக்கிறது. ஞாயிறு பிற்பகல் இரண்டு மணி நேரம் கேட்டால், ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம் போட்டுத் தருகிறோம் என்ற வாக்குறுதியின் பேரில் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். அந்த வாக்குறுதியைக் காப்பாற்றவும் வேண்டும். அதுவே ஒரு கெடுவாக இருந்து உங்களை ஓட வைக்கும்.

அங்கே என்ன செய்வது? பொறாட்டின் கேள்விக்காரரைக் கடன் வாங்குங்கள். ஒருவர் ஒரு வேடத்தை மனதில் முடிவு செய்துகொண்டு வந்து நிற்க, மற்றொருவர் கேள்வி கேட்கட்டும். பத்து நிமிடம். "தெரியாது" என்ற பதிலுக்கு அனுமதி இல்லை. இரண்டாவதாக, இருவர் காட்சி ஒன்றை எடுத்துக்கொண்டு பங்குகளை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். மற்ற இருவரும் பேசுபவரைப் பார்க்கக் கூடாது, கேட்பவரை மட்டும் பார்க்க வேண்டும். காட்சி முடிந்ததும் கேட்பவர் முகம் எந்த வார்த்தையில் மாறியது என்று சொல்ல வேண்டும். மாறவே இல்லை என்றால் அதையும் சொல்ல வேண்டும். மாலையில் படம் பார்க்கிறேன் என்கிறீர்களே, அங்கேயும் இதையே செய்யலாம். மூன்று படம் பார்ப்பதற்குப் பதில், நல்ல காட்சி ஒன்றை மூன்று முறை பாருங்கள். ஒரு முறை ஒலியை அணைத்து, ஒரு முறை வசனம் இல்லாத நடிகரை மட்டும் கவனித்து. மறைந்த மலையாள நடிகர் நெடுமுடி வேணு போன்றவர்கள் பிறர் பேசும்போது என்ன செய்கிறார்கள் என்று பார்த்தாலே ஒரு மாதப் பாடம் இருக்கிறது. அவர் சினிமாவுக்கு வருமுன் பத்திரிகையாளராக இருந்தவர், காவாலம் நாராயணப் பணிக்கரின் நாடகங்களில் நடித்தவர், மிருதங்கம் வாசித்தவர். தாளம் தெரிந்தவர் எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்பதையும் அறிவார்.

எதிராளி எப்போதும் நடிகராக இருக்க வேண்டும் என்பதில்லை. நீங்கள் பஸ் ஏறினால் பொள்ளாச்சி அதிக நேரம் இல்லை. செவ்வாய் அல்லது வியாழன் போய் மாட்டுச்சந்தையில் நில்லுங்கள். அங்கிருந்து மாடுகள் உங்கள் ஊர்ப் பக்கமாகவும் கேரளத்துக்குள் போகின்றன, ஆகவே தெரிந்த முகங்களும் இருக்கும். விலை பேசுவதைப் பாருங்கள். தரகரும் விற்பவரும் கைகளைப் பிடித்துக்கொள்வார்கள்; மேலே ஒரு துண்டு விழும். துண்டுக்கு அடியில் விரல்களைப் பிடித்து அழுத்துவதில்தான் தொகை. சுற்றி நிற்பவர்களுக்கு ஒரு எண்ணும் தெரியக் கூடாது. ஆகவே இருவர் முகமும் மாட்டின் திமிலைப் பார்க்கும், வானத்தைப் பார்க்கும், "போன வாரம் மழை பரவாயில்லை" என்று பேசும். துண்டு மட்டும் லேசாக அசையும். சட்டென்று ஒரு கை இழுத்துக்கொள்ளப் பார்க்கும். மற்ற கை விடாது. அந்த நொடியில் விற்பவரின் தாடை இறுகுவதைக் கவனித்தால் விலை படியவில்லை என்று உங்களுக்குத் தெரிந்துவிடும், அவர் வாய் இன்னும் மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாலும்.

ஞாயிறன்று இதை அப்படியே வாயனசாலைக்குக் கொண்டு போங்கள். இருவர், ஒரு துண்டு. ஒருவருக்கு ஐம்பதாயிரம் வேண்டும், மற்றவரிடம் முப்பத்தைந்துதான் இருக்கிறது. பணத்தைப் பற்றி ஒரு சொல் பேசக் கூடாது. மழையைப் பற்றியும் மகள் கல்யாணத்தைப் பற்றியும் மட்டும் பேசலாம். வசனத்துக்கு அடியில் ஓடும் வேறொரு காரியம் என்று நடிப்புப் பள்ளிகளில் வாரக்கணக்கில் விளக்குவதை, இந்தப் பயிற்சி அரை மணியில் கைக்குக் காட்டிவிடும்.

அடுத்தது பிழைப்பு. இடையில் எந்த வேலையை எடுப்பது என்பதற்கு இரண்டு நிபந்தனைகள் போதும். ஒரு நாள் முன்னறிவிப்பில் விட்டுவிட்டுப் போக முடிய வேண்டும். முடிந்தால் எதிரே ஆள் இருக்க வேண்டும். வீட்டில் மாந்தோப்போ தென்னையோ இருந்தால் கூச்சப்படாமல் அந்த வேலையைச் செய்யுங்கள். முதலமடை மாங்காய்க் காலத்தில் லாரிக்காரரோடு பேரம் பேசுவதும் பயிற்சிதான். இரவுப் பணி உள்ள தொலைபேசி மையங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன்; சம்பளம் ஒழுங்காக வரும், குரலும் தூக்கமும் போய்விடும். கல்யாண வரவேற்புகளில் ஒலிபெருக்கி பிடித்து அறிவிப்பாளராக நிற்பது நல்ல காசு. ஆனால் அந்த ஏற்ற இறக்கம் நாக்கில் ஒட்டிக்கொண்டால் உதறுவது கஷ்டம். எனக்குத் தெரிந்த ஒரு நல்ல நடிகர் துக்கச் செய்தி சொல்லும் காட்சியில்கூட மணமக்களை மேடைக்கு அழைப்பதுபோல் பேச ஆரம்பித்துவிட்டார்.

எல்லைக் கேரளத்தில் இருக்கும் நடிகருக்கு மிகப் பொருத்தமான இடைக்கால வேலை பள்ளிக் கலோத்சவப் பயிற்சி. 1957 முதல் நடக்கும் மாணவர் கலைப்போட்டி விழா அது. உபஜில்லா, ஜில்லா, மாநிலம் என்று படிப்படியாக ஏறும். நாடகம், மோனோ ஆக்ட், மிமிக்ரி, மூகாபிநயம் என்னும் ஊமை நடிப்பு எல்லாவற்றுக்கும் பள்ளிகள் பயிற்சியாளர் வைக்கின்றன. ஓணம் விடுமுறை முடிந்ததும் ஆள் தேடத் தொடங்குவார்கள். தமிழில் செய்யுள் சொல்லும் போட்டியும் உண்டு. உங்கள் சிற்றூர் (சித்தூர்) தாலூக்காவின் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதற்கு நல்ல ஆள் கிடைப்பது அரிது. போய்க் கேளுங்கள். ஓர் எச்சரிக்கை மட்டும். பிள்ளைகளுக்கு "இப்படிச் சொல்லு" என்று நடித்துக் காட்டாதீர்கள். காட்டினால் பரிசு வரலாம். மேடையில் ஒரே பயிற்சியாளரின் பத்துக் குட்டிப் பிரதிகள் நிற்கும், உங்களுக்கும் உங்கள் பழைய பாணியே உறுதிப்படும். கேள்வி கேளுங்கள்: உன் அம்மா எப்போது இப்படிக் கோபப்பட்டார், அப்போது நீ எங்கே நின்றாய்? பன்னிரண்டு வயதுப் பெண் அதற்குச் சொல்லும் பதிலில் உங்களுக்கே புதிதாக ஒன்று கிடைக்கும்.

டப்பிங் அடுத்தது. மலையாளப் படங்களும் தொடர்களும் இணையத் தளங்களுக்காகத் தமிழில் குரல் மாற்றப்படுவது இப்போது வழக்கமாகிவிட்டது. இரு மொழியும் காதில் விழுந்து வளர்ந்தவருக்கு இது இயல்பான துறை. ஆனால் அந்த இயல்பிலேயே ஒரு பொறி இருக்கிறது. இரண்டு மொழியிலும் வாக்கிய அமைப்பு ஏறக்குறைய ஒன்று. ஆகவே தமிழ் வார்த்தைகளை மலையாள ராகத்திலேயே பேசிவிடுவோம், நமக்கே தெரியாது. வீட்டிலேயே பழகலாம். ஒரு நிமிட மலையாளக் காட்சி ஒன்றை எடுங்கள். நடிகரின் உதடு எங்கெங்கே மூடுகிறது என்று குறியுங்கள். ப, ம வரும் இடங்கள் அவை. அந்த இடங்களில் தமிழிலும் ப, ம வருமாறு வசனத்தை நீங்களே எழுதுங்கள். பிறகு படத்தைப் பார்த்துக்கொண்டே பேசி, தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். கடைசியில் படத்தை நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் கேளுங்கள். அது ஒரு தமிழர் பேசுவதுபோல் இருக்கிறதா? பொள்ளாச்சியில் இருக்கும் அத்தை ஒருவரிடம் போட்டுக் காட்டினால் உடனே சொல்லிவிடுவார்.

நீங்கள் பயன்படுத்தாமல் வைத்திருக்கும் இன்னொரு சொத்தும் பேச்சு சார்ந்ததுதான். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் எடுக்கும் தமிழ்ப் படங்களுக்குக் கொங்குத் தமிழ் வேண்டும். ஒற்றப்பாலம், கொல்லங்கோடு பக்கம் எடுக்கும் மலையாளப் படங்களுக்குப் பாலக்காட்டுப் பேச்சு வேண்டும். இரண்டும் உங்களுக்குத் தெரியும் என்று எந்த இணை இயக்குநருக்காவது சொல்லியிருக்கிறீர்களா? பஸ்ஸில் திருச்சூர் வரை போய் வாருங்கள். ஆலத்தூர் தாண்டியதும் பேச்சின் இழுவை மாறுவதைக் கேட்கலாம். மாறும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வார்த்தைகளை மட்டும் எழுதாதீர்கள். கடன் கேட்டவருக்கு இல்லை என்று எப்படிச் சொல்கிறார்கள், விருந்தாளியை எப்படி எழுப்பி அனுப்புகிறார்கள் என்று எழுதுங்கள். கோவை வானொலி நிலையத்தில் நாடகக் குரலுக்கான தேர்வு அறிவிக்கும்போது அதையும் விடாதீர்கள். வருமானம் சொற்பம்தான். ஆனால் முகமும் உடம்பும் இல்லாமல், கூடத்தில் மற்றவர்களோடு ஒரே ஒலிவாங்கியைச் சுற்றி நின்று பேசும்போது காது கூர்மையாகும்.

திருச்சூர் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி அங்கே அரணாட்டுக்கரையில் 1977 முதல் இருக்கிறது; ஜி. சங்கரப்பிள்ளை தொடங்கியது. நீங்கள் அங்கே சேர்ந்து படிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மாணவர்கள் போடும் நாடகங்களைப் பார்க்கலாம், அவர்களில் ஒருவர் உங்கள் நால்வரில் ஒருவராகலாம். கேரள சங்கீத நாடக அகாதமி 2008 முதல் அங்கே நடத்தும் சர்வதேச நாடக விழாவுக்குப் போனால், மொழி ஒன்றும் புரியாத நாடகத்தில் நடிகர் உங்களை எப்படிப் பிடித்து உட்கார வைக்கிறார் என்பதைக் கற்கலாம். இரிஞ்ஞாலக்குடையில் பழைய சம்ஸ்கிருத நாடக வடிவமான கூடியாட்டம் பாருங்கள். வசனம் இல்லாமல் ஒரு மலையைக் கண்ணால் அடியிலிருந்து உச்சி வரை ஏறிக் காட்டுவார்கள். அம்மன்னூர் மாதவ சாக்கியார் வாலியின் மரணத்தை நடித்ததை நேரில் பார்த்தவர்கள் இன்னும் தாழ்ந்த குரலில்தான் அதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

தேர்வுக்கு அனுப்பும் வீடியோ பற்றிச் சுருக்கமாக. இப்போது முதல் கதவு அதுதான். தொலைபேசியைக் கையில் பிடிக்காமல் கண் மட்டத்தில் நிறுத்துங்கள். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழட்டும், முதுகுக்குப் பின்னால் வேண்டாம். பின்னணியில் வெற்றுச் சுவர். எதிர் வசனம் படிக்க ஓர் ஆளை வைத்துக்கொண்டு, அவரை லென்சுக்கு மிக அருகில் உட்கார வையுங்கள். தனியாகப் பேசிவிட்டு எதிர் வசனத்துக்கு இடைவெளி விடும் வீடியோக்கள் பத்து நொடிக்கு மேல் ஓடுவதில்லை. பின்னணி இசை சேர்க்காதீர்கள். வாரம் ஒன்று எடுத்து உங்கள் நால்வருக்குள் பார்த்துக்கொண்டால், நிஜமான அழைப்பு மாலை ஆறு மணிக்கு வந்து இரவு பத்துக்குள் அனுப்பச் சொல்லும்போது பதறாது. தேர்வுக்குப் பணம் கேட்பவர், அடையாள அட்டைக்குப் பணம் கேட்பவர், வேடம் உறுதி என்று சொல்லி முன்பணம் கேட்பவர் எல்லோரும் ஒரே ஜாதி. வேலை கொடுப்பவர்தான் நமக்குப் பணம் தர வேண்டும். இதில் விதிவிலக்கை நான் இன்னும் பார்க்கவில்லை.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. சென்னையா, கொச்சியா?

கொல்லங்கோட்டுப் பக்கம் வடவன்னூரில் எம்.ஜி.ஆரின் தாயார் வீடு இருக்கிறது, இப்போது நினைவில்லம். உங்கள் ஊரில் யாரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டாலும் அவரை உதாரணம் காட்டி, போய் விழுந்து கிட, ஒருநாள் வரும் என்பார்கள். 1936-ல் முதல் படம், நாயகனானது 1947-ல். இடையில் பதினோரு ஆண்டு அவர் காத்திருந்ததாகக் கதை சொல்வார்கள். அந்த ஆண்டுகளில் அவர் சின்ன வேடங்களில் நடித்துக்கொண்டே இருந்தார் என்பதைச் சொல்வதில்லை. அன்று ஸ்டூடியோக்கள் சில ஊர்களில் மட்டும் இருந்தன, வாசலில் நின்றால்தான் தெரிவார்கள். இன்று படப்பிடிப்பு உங்கள் ஊர்ப் பக்கமே வருகிறது. முதலமடை ரயில் நிலையத்தின் ஆலமரங்களைத் திரையில் எத்தனை முறை பார்த்திருப்பீர்கள். தேர்வு தொலைபேசியில் நடக்கிறது. நேரில் வா என்றால் பாலக்காடு சந்திப்பில் இரவு ஏறிக் காலையில் சென்னையில் இறங்கலாம். கொச்சிக்குக் காலையில் போய் இரவு திரும்பலாம். வேலை இல்லாமல் அங்கே அறை எடுத்தால், வாடகைக்காக எடுக்கும் வேலையே முழு நேர வேலையாகும். தேர்வு நாளன்று விடுப்புக் கிடைக்காது. அறையில் கூட இருப்பவர்களும் நடிகர்கள்தான், ஆனால் அவர்கள் ஒருவருக்கொருவர் எதிராளியாக இருப்பதைவிட ஒருவர் தோல்வியை ஒருவர் எண்ணிக்கொண்டிருப்பதையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

போக வேண்டிய நேரம் ஒன்று உண்டு. டப்பிங் கூடம் ஒன்று வாரம் இரண்டு மூன்று நாள் கூப்பிடத் தொடங்கினால், அல்லது தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் பல மாதங்களுக்கு வேடம் உறுதியாகி, எழுத்தில் கைக்கு வந்தால், பயணச் செலவையும் வாடகையையும் கூட்டிப் பாருங்கள். வாடகை குறைவாக வந்தால் கிளம்புங்கள். அப்போதும் முன்பணம் கொடுத்துப் பதினோரு மாத ஒப்பந்தம் போடாதீர்கள். முதல் மூன்று மாதம் மாத வாடகை விடுதி போதும், உங்கள் வாயனசாலை ஞாயிற்றுக்கிழமையை மற்ற மூவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போங்கள்.